பத்துக்கு ஆறு

சீனியம்மாளுக்கு இதைச் சொல்லவே பயம். ஒரு சொல் கூடிவிட்டால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சேர்த்ததாக ஆகிவிடும். ஒரு சொல் குறைந்துவிட்டால், செத்தவர் மேல் பழி போட்டதாக ஆகிவிடும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒருத்தி சொல்லத் தெரியாமல் சொல்லி, இன்னொருவர் கேட்கத் தெரியாமல் கேட்டால் என்ன நடக்கும் என்பதை அவள் இரண்டு தடவை கண்ணால் பார்த்துவிட்டாள். அதனால் யார் கேட்டாலும், "சாமிகிட்டக் கேளுங்க, அவருதான் சரியாச் சொல்வாரு" என்பாள்.

சாமியிடம் போய்க் கேட்டால், "அக்காகிட்டக் கேளுங்க" என்பார்.

அவர்கள் இருவரும் சொல்லாமல் விட்டதைச் சேர்த்துப் பார்த்தால் கதை இப்படி வருகிறது.

கருங்கொண்டை மலைக்கு அமாவாசைதோறும் ஜனம் போகும். அடிவாரத்துக்கும் மலைக்கும் நடுவில் ஒரு காட்டோடை குறுக்கிடும். பாலி ஓடை என்று பேர். அகலம் இருபத்தைந்து எட்டு வைக்கிற தூரம்தான். கோடையில் குருவி குளிக்கத் தண்ணீர் இருக்காது. ஆனால் உச்சியில் மழை பிடித்துவிட்டால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இக்கரையில் ஒரு மருத மரம். அதில் கட்டிய வடக்கயிறு அக்கரைப் பாறை வரை போகும். கயிற்றுக்குக் காவலாக ஒருவர் இருந்தார். ஜனம் அவரைக் கயிற்றுச்சாமி என்றது. சாமி ஆவதற்கு முன்னால் சாத்தூர்ப் பக்கம் ஒரு சேவுக் கடையில் பதினாறு வருஷம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவர். காவி கட்டமாட்டார். கட்டம் போட்ட கைலிதான். வயதில் சீனியம்மாளை விடப் பத்து வருஷம் இளையவர். அவள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அக்கா என்பார். யாருக்கு யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

சீனியம்மாள் புருஷன் இறந்த வருஷம் ஓர் அமாவாசைக்கு வந்தவள். அப்படியே தங்கிவிட்டாள். சாமி அவளிடம் இரண்டு கொடிகளைக் கொடுத்தார். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

ஓடை நடுவில் ஒரு பாறை நிற்கிறது. எந்தக் காலத்திலோ யாரோ அதில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தால் பச்சைக் கொடி. கோட்டைத் தொட்டால் சிவப்புக் கொடி. இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்று சீனியம்மாள் நினைத்தாள். ஆடி பிறக்கும் முன்பு அந்தக் கோட்டின் மேலேயே புதுப் பெயின்ட் அடிப்பாள். கை நடுங்காமல் அடிப்பாள்.

ஓர் ஐப்பசி அமாவாசை. தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. மினி பஸ் ஓட்டும் காளிராஜ் என்பவன் பெண்சாதியோடு வந்தான்.

"போகலாமா தாயி?"

"போகலாம்."

அவன் இறங்கினான். அவன் பாதி தாண்டியபோது மேலேயிருந்து சத்தம் வந்தது. லாரி வருகிற மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார்கள். மூன்றாம் நாள் கீழ் மடுவில் கிடைத்தான்.

அவன் பெண்சாதி கரையில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. சீனியம்மாளைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கோட்டுக்குக் கீழதான இருந்துச்சு?"

"ஆமா தாயி."

"அப்பச் சரி."

அந்த 'அப்பச் சரி' சீனியம்மாளின் நெஞ்சில் முள் மாதிரி நின்றுவிட்டது. அதன் பிறகு அவள் பச்சைக் கொடியை எடுக்கவே இல்லை. மழை ஓய்ந்து ஓடை வடிந்து, கணுக்கால் அளவு வந்த பிறகும் சிவப்புத்தான்.

"ஏ தாயி, கொலுசு நனையாது. இதுக்குப் போயி செவப்புக் கொடியா?"

"வீட்ல சண்ட போட்டுட்டு வந்து நிக்கா போல."

"வீடு எங்கருக்கு அவளுக்கு? வெலகு தாயி."

சிலர் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பலர் அவள் முகத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று கீழே வளைவில், கயிறில்லாத இடத்தில் இறங்கினார்கள். அங்கே பாறை பாசி பிடித்தது. தை அமாவாசையன்று ஒரு பெண் அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சீனியம்மாள் இரண்டு கொடிகளையும் சாமி முன்னால் வைத்தாள்.

"போகலாம்னு சொன்னேன், ஒருத்தன் செத்தான். போகக்கூடாதுன்னு சொன்னேன், ஒருத்தி கை ஒடிஞ்சா. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க சாமி. தப்பே வராத மாதிரி கோட்டை எங்க போடணும்?"

சாமி எழுந்தார். குடிசைக்குள் போய்ப் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்தார். "வா அக்கா" என்று ஓடைக்குள் இறங்கினார்.

"போடு. எங்க போட்டா ஆள் சாகாது?"

அவள் பழைய கோட்டுக்கு ஒரு சாண் கீழே போட்டாள்.

"இங்க போட்டாச் சாகாதா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு சாண் கீழே போட்டாள். முழங்கால் உயரம்.

"சின்னப் பிள்ளைக வருமே அக்கா?"

கணுக்கால் உயரத்தில் போட்டாள். அதற்கும் கீழே பாறை இல்லை, மணல்தான். அவள் பிரஷ்ஷோடு மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மணல்ல போடு."

"மணல்ல எப்படி சாமி நிக்கும்?"

"அப்ப வீட்டு வாசல்ல போடு. ஒருத்தரும் கெளம்பாமப் பாத்துக்க."

அவள் அழுதுவிட்டாள். சாமி பாறை மேல் உட்கார்ந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலது முன்கையைத் திருப்பிக் காட்டினார். முழங்கை வரை தோல் சுருங்கி, வெளுத்துக் கிடந்தது.

"சேவுக் கடையில சேந்த புதுசு. மொதலாளி அடுப்படியில நின்னு, 'ஏலே, எண்ணெ காஞ்சிருச்சா?'ம்பாரு. நான் 'காஞ்சிருச்சு'ம்பேன். இல்லன்னா 'காயல'ம்பேன். ரெண்டே பேச்சுதான். ஒருநாள் காஞ்சிருச்சுன்னு சொல்லி மாவப் பிழிஞ்சேன். பொங்கி வந்து கையில ஊத்துச்சு."

"எண்ணெ காயலையா?"

"காஞ்சிருந்துச்சு. ரொம்பக் காஞ்சிருந்துச்சு. மாவுல தண்ணி கொஞ்சம் கூட. சட்டியில எண்ணெ கொஞ்சம் நெறைய. மூணும் தனித்தனியாக் கொஞ்சம் கொஞ்சம்தான். சேந்து வந்தப்பக் கை போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் மொதலாளி அந்தக் கேள்வியக் கேக்கல. 'எம்புட்டுடா காஞ்சிருக்கு?'ன்னு கேக்க ஆரம்பிச்சாரு."

மறுநாள் சாமி நான்கு தேங்காய்ச் சிரட்டைகளையும் ஒரு பை புளியங்கொட்டையையும் கொண்டுவந்து மருத மரத்தடியில் வைத்தார். முதல் சிரட்டை தண்ணீரின் நிறத்துக்கு. இரண்டாவது அதன் சத்தத்துக்கு. மூன்றாவது மிதந்து வரும் இலைக்கு. நான்காவது மலை முகட்டு மேகத்துக்கு.

"தண்ணி கலங்கியிருக்கா?"

"கலங்கித்தான் இருக்கு."

"அது கொடிப் பேச்சு. எம்புட்டு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"பத்துக்கு... மூணு."

"மூணு கொட்டையப் போடு."

அப்படித்தான் ஆரம்பித்தது. கொட்டை என்பது பயம். ஒரு சிரட்டைக்குப் பத்து வரைக்கும் போடலாம். காய்ந்த இலை மிதந்து வந்தால் ஒன்று, இரண்டு. பச்சை இலை வந்தால் மேலே காற்றும் மழையும் கிளையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏழு, எட்டு. பச்சை இலை கொத்துக் கொத்தாகக் காம்போடு வந்தால் எண்ணவே வேண்டாம்.

"நாலையும் கூட்டணுமா சாமி?"

"கூட்டாத. எந்தச் சிரட்டையில கூட இருக்கோ அதப் பாரு. அது நாலுன்னா பயம் நாலு. மிச்சம் ஆறுதான் நம்ம கையில இருக்கிற தைரியம்."

"ஆறுன்னா போகலாமா, கூடாதா?"

சாமி அவளையே பார்த்தார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"ஒம்பதுன்னா எல்லாரும் போகட்டும். ஏழுன்னா பிள்ளைகளையும் வயசானவுகளையும் நிப்பாட்டு. ஆறுன்னா போயே தீரணும்ங்கிறவுக மட்டும். ரெண்டு கையும் கயித்துல இருக்கணும். பை, மூட்ட கூடாது. சுத்தி நாலு பேரு. அஞ்சும் அதுக்குக் கீழயும்னா கயித்த அவுத்து மரத்துல சுத்திரு."

"இதுவும் கோடுதான சாமி? ஒண்ணுக்குப் பதிலாப் பல கோடு."

"ஆமா அக்கா. கோடு பலதா இருந்தா நடுவுல கால் ஊணக் கொஞ்சம் எடம் கெடைக்கும்."

ஒன்பது அமாவாசைக்கு அவள் கொட்டை எண்ணினாள். கொடிகளை மரப்பொந்தில் செருகி வைத்துவிட்டாள். விரலைக் காட்டினாள். ஜனத்துக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன தாயி, எட்டுங்கே. எட்டுன்னா என்ன?"

"போகலாம், ஆனா செல்போனுல பேசிக்கிட்டே போகாதீக."

"அதச் சொல்றதுக்கு எட்டு வெரலா?"

முனகிக்கொண்டே போனார்கள். ஆனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வளைவில் யாரும் இறங்கவில்லை. ஒருவரும் சாகவில்லை. சீனியம்மாள் ராத்திரி தூங்க ஆரம்பித்தாள்.

பிறகு அந்தக் கார்த்திகை அமாவாசை வந்தது.

காலையில் ஒன்பது விரல் காட்டி ஜனத்தை அனுப்பினாள். மத்தியானத்துக்கு மேல் முகடு கறுத்தது. திரும்பி வருகிறவர்களைக் கரையேற்றச் சாமி அக்கரைக்குப் போனார். பாதிப் பேர் வந்துவிட்டார்கள். மீதி நாற்பத்து மூன்று பேரும் சாமியும் அக்கரையில் இருக்கும்போது ஓடையில் வெள்ளம் வந்துவிட்டது. மரக்கிளையெல்லாம் உருண்டு வந்தது. சீனியம்மாள் இரண்டு கையையும் மூடிக் காட்டினாள். பூஜ்யம். அன்று ராத்திரி அவர்கள் அக்கரைப் பாறை இடுக்கில் கிடந்தார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு மழை விட்டது. தண்ணீர் மெல்ல வடிய ஆரம்பித்தது. மீட்பு வண்டி வருகிற வழியில் பாலம் மூழ்கிக் கிடப்பதாகவும், சாயங்காலமோ மறுநாளோ ஆகும் என்றும் டீக்கடைச் செல்லையா சொன்னார். அவர்தான் இக்கரையில் அவளுக்குத் துணை.

இரண்டு மணி வாக்கில் அக்கரையிலிருந்து ஒரு கல் பறந்து வந்து மணலில் விழுந்தது. கல்லைச் சுற்றி ஒரு காகிதம். ஓடையின் இரைச்சலில் கத்தினால் கேட்காது. சீனியம்மாள் பிரித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஓரிடத்தில் கூடப் புள்ளி விடுபடவில்லை.

'என் மனைவி கோமதிக்குச் சர்க்கரை நோய். ஊசி மருந்து நேற்றோடு தீர்ந்துவிட்டது. காலை முதல் வாந்தி. இப்போது பேச்சு குழறுகிறது. ஆவன செய்யவும். இப்படிக்கு, வ. சங்கரபாண்டியன், தலைமை ஆசிரியர் (ஓய்வு).'

செல்லையா எட்டிப் பார்த்தார். "ஆம்புலன்ஸ் இந்தப் பக்கம் மேட்டு ரோட்டுல நிக்கி மதினி. வரச் சொன்னா வருவாங்க. அந்தம்மா இங்கிட்டு வரணுமே."

அக்கரையில் சாமி நின்றார். அவர் நிற்கிற இடத்திலிருந்து முகடு தெரியாது. மரங்கள் மறைக்கும். இங்கிருந்துதான் தெரியும். அவர் இரண்டு கையையும் விரித்து அவளைப் பார்த்தார். எம்புட்டு என்று கேட்கிறார்.

அவள் சிரட்டை முன்னால் உட்கார்ந்தாள். நிறம், மூன்று. சத்தம், மூன்று. நேற்றை விட வெகுவாகக் குறைந்திருந்தது. இலை பழுத்த இலைதான், இரண்டு. மேகம்... முகட்டில் வெளுப்பும் கறுப்புமாக ஒரு திட்டு நின்றது. போகிற மேகமா, வருகிற மேகமா? நான்கு போட்டாள். ஒன்றை எடுத்தாள். மறுபடியும் போட்டாள்.

"போகலாமா வேண்டாமா, ரெண்டுல ஒண்ணு சொல்லு மதினி!" என்றார் செல்லையா. "கொட்ட எண்ணுற நேரமா இது?"

"இருங்க அண்ணாச்சி."

"காத்திருந்தா அந்தம்மா போயிரும்."

"தெரியுது அண்ணாச்சி."

"காத்திருக்கும்போது தண்ணி ஏறுனா?"

"அதுவும் தெரியுது. கொஞ்சம் பேசாம இருங்க."

அவள் எழுந்தாள். இடது கையில் ஐந்து விரல், வலது கையில் ஒரு விரல்.

சாமி அதே மாதிரி ஆறு விரலைத் திருப்பிக் காட்டினார். புரிந்துவிட்டது. போயே தீரணும் என்கிறவர் மட்டும். அந்த அம்மாளும் சுற்றி நாலு பேரும்.

அக்கரையில் என்ன பேசினார்கள் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. சாமிதான் பின்னால் சொன்னார். விரலைப் பார்த்துவிட்டு அந்த ஆசிரியர் கேட்டிருக்கிறார்.

"என்ன சாமி அது, ஆறு?"

"பத்துக்கு ஆறு சார்."

"அப்ப நூத்துக்கு அறுபது. ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆச்சே!"

ஒரு ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த ஜனம் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறது. அவரும் சிரித்திருக்கிறார். பயத்தில் வாய் கோணிக்கொண்டு சிரித்தார் என்றார் சாமி.

"அம்மாவும் இந்த நாலு பேரும்தான் சார். நீங்க இருங்க. தண்ணி வடியட்டும்."

"சரி" என்று அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

கோமதியம்மாளை ஒரு வேட்டியில் தூளி மாதிரி கட்டி, ஒருவன் முதுகோடு சேர்த்து இறுக்கினார்கள். முன்னால் ஒருவன், பின்னால் இருவர். தண்ணீர் இடுப்புக்கு மேலே ஓடியது. சாமி அக்கரைக் கயிற்று முனையில் நின்று, கயிறு தளராமல் பார்த்துக்கொண்டார். சீனியம்மாள் இக்கரையில் முகட்டைப் பார்ப்பதும் தண்ணீரைப் பார்ப்பதுமாக நின்றாள். அவள் காட்டிய ஆறு குறையவில்லை. அப்படியே இருந்தது.

நடு ஓடையில் கோமதியம்மாளின் கை தூளியிலிருந்து நழுவி வெளியே தொங்கியது. அவ்வளவுதான். மயக்கத்தில் இருக்கிறவர் கை தொங்கத்தான் செய்யும். ஆனால் அக்கரையிலிருந்து பார்க்கிறவருக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்க வேண்டும்.

ஆசிரியர் எழுந்தார். பக்கத்தில் ஒரு பை இருந்தது. பெண்சாதியின் மருந்துச் சீட்டு, ரத்தம் பார்த்த ரிப்போர்ட்டு எல்லாம் அதில். டாக்டர் கேட்பாரே என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு கையில் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டார். கயிற்றின் மேல் கண்ணாக இருந்த சாமி திரும்பிப் பார்க்கும்போது அவர் நாலெட்டுப் போயிருந்தார்.

சீனியம்மாள் இக்கரையிலிருந்து நான்கு விரலைக் காட்டிக் காட்டிக் கத்தினாள். அது யாருக்குக் கேட்கும்?

கோமதியம்மாளோடு அந்த நாலு பேரும் கரையேறினார்கள். செல்லையா ஓடிப்போய்த் தாங்கினார். ஆசிரியர் பாறை வரை வந்துவிட்டார். கோடு போட்ட பாறை. அங்கே காலை மாற்றி வைக்க இரண்டு கையும் வேண்டும். அவர் தடுமாறினார். கயிற்றை விட்டார். விட்ட மறு நொடி, பையைச் சுழற்றி இக்கரையை நோக்கி எறிந்தார். பை நனையாமல் வந்து சீனியம்மாள் காலடியில் விழுந்தது.

அவர் வரவில்லை.

மற்றவர்களும் சாமியும் மறுநாள் தண்ணீர் வடிந்ததும் கரை சேர்ந்தார்கள். கோமதியம்மாள் பிழைத்துக்கொண்டாள். பையில் இருந்த சீட்டு உதவியது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

தை மாதத்தில் ஒரு பகல்நேரம் கோமதியம்மாள் ஓடைக்கு வந்தாள். தனியாக, ஆட்டோவில். மெலிந்து போயிருந்தாள். மருத மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாள். கணுக்கால் அளவுதான் ஓடியது.

"நீங்கதான சீனியம்மா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு என்ன சொன்னீங்க? எனக்கு நெனப்பு இல்ல. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க."

சீனியம்மாள் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் சிரட்டைகளை எடுத்து வந்தாள். அன்று போட்ட மாதிரியே போட்டுக் காட்டினாள். மூன்று, மூன்று, இரண்டு. நாலாவதில் நான்கு போட்டு, ஒன்றை எடுத்து, மறுபடி போட்டதையும் மறைக்கவில்லை. ஆறு விரல் காட்டியதைச் சொன்னாள். அவர் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொன்னதாகச் சாமி சொன்னதையும் சொன்னாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

கோமதியம்மாள் படித்தாள். அடைப்புக்குறிக்குள் இருந்த 'ஓய்வு' என்ற சொல்லை விரலால் தடவினாள்.

"முப்பத்திரண்டு வாங்குன பையனுக்கு மூணு மார்க்கு கூட்டிப் போட்டுப் பாஸாக்கிருவாரு. 'போகட்டும் கோமு, இந்த மூணு மார்க்குல என்ன இருக்கு'ம்பாரு. ஒருத்தரையும் ஃபெயிலாக்குனதில்ல."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

"அந்த ஆறு எனக்கா?"

"உங்களுக்குத்தாம்மா. நீங்க போயே தீரணும். சுத்தி நாலு பேரு இருந்தாங்க."

"அவருக்கு?"

சீனியம்மாள் சிரட்டைகளைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. வயசு அறுபத்தேழு. கூட ஆளு இல்ல. அவரு இறங்குனா எவ்வளவு?"

"நாலும்மா. நாலு கூடத் தேறாது."

கோமதியம்மாள் காகிதத்தை நாலாக மடித்தாள்.

"அந்த நாலையும் முன்னாடியே காட்டியிருக்கலாமே தாயி."

எழுந்துகொண்டாள். திட்டவில்லை. ஆட்டோ போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

சீனியம்மாள் சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டு சாமியிடம் போனாள். அவர் கயிற்றில் நைந்த இடத்தைப் பிரித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சா சாமி?"

"கேட்டுச்சு."

"நான் சொன்னது சரியா தப்பா?"

சாமியின் கை நின்றது.

"நீ ஆறுன்ன. நான் அவர்ட்ட 'இருங்க'ன்னேன். ஏன் இருக்கணும்னு சொல்லல. 'உங்களுக்கு நாலு சார்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கணக்குப் புரிஞ்ச மனுசன், உக்காந்திருப்பாரோ என்னமோ. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் அக்கா."

அவர் குரல் அப்படி இருந்து அவள் கேட்டதில்லை.

"அப்ப இந்தக் கொட்டையும் பொய்யா?"

"பொய்யில்ல. அந்தம்மா உயிரோட வந்துட்டுப் போகுது."

"மெய்யா?"

சாமி நைந்த பிரியை மறுபடி முறுக்க ஆரம்பித்தார். அவள் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து மறுபடி தூக்கம் போயிற்று. ஊருக்குப் போய்விடலாம் என்று இரண்டு தடவை துணியைக் கட்டினாள். அங்கே போனால் மட்டும் அந்த இரண்டு பெண்களின் குரலும் கூட வராதா? கட்டிய துணியை அவிழ்த்துவிட்டாள்.

மாசி அமாவாசைக்கு முந்திய நாள் உச்சியில் பருவம் தப்பி மழை பெய்தது. விடிந்தபோது ஓடை தொடை அளவு ஓடியது. ஜனம் வந்து கரையில் கூடியது.

"எம்புட்டு தாயி இன்னிக்கு?"

சீனியம்மாள் கொட்டை போட்டுப் பார்த்தாள். ஆனால் விரலைக் காட்டவில்லை. சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினாள். ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். மறுமுனையை வடக்கயிற்றில் வளையமாகப் போட்டு முடிந்தாள். ஒருவரும் இறங்கும் முன்பு அவள் இறங்கினாள். நடு ஓடையில், கோடு போட்ட பாறைக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

"அக்கா, அங்க என்ன செய்ற?" என்று கரையிலிருந்து சாமி கேட்டார்.

"பயமா இருக்கு சாமி. இங்க நின்னாத்தான் எனக்குப் பத்திரம்."

செல்லையா டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "பத்திரமா இருக்கத் தண்ணிக்குள்ள போயி நிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கேன்."

அவள் காதில் வாங்கவில்லை. வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவரவருக்குத் தனித்தனியாகச் சொன்னாள்.

"உனக்கு எட்டு, வா. பைய அங்க வச்சிட்டு வா. அண்ணாச்சி, உங்களுக்கு அஞ்சுதான். கோவிச்சுக்கிடாதீக, உக்காருங்க. ஏ பிள்ள, தனியா வந்தா நாலு. இவுக ரெண்டு பேருக்கும் நடுவுல வந்தா ஏழு. கேட்டுச்சா? என்னன்னு திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொல்லாதவரை அவள் விடவில்லை. பாறையில் கால் மாற்றும் இடத்தில் ஒவ்வொருவருடைய முழங்கையையும் அவள் கை பிடித்துக் கடத்தியது. பொழுது இறங்கும் வரை நின்றாள். திரும்பி வந்தவர்களையும் அப்படியே கடத்தினாள். கடைசி ஆள் கரையேறிய பிறகுதான் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். விரலெல்லாம் வெளுத்து, சுருங்கிப் போயிருந்தது. பல் கிட்டித்தது.

சாமி ஒரு டம்ளர் சுக்குக் காப்பியை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சாமி, பாறையில நான் போட்ட கோடெல்லாம் அழிஞ்சு போச்சு. முதுகு ஒரசிக்கிட்டே நின்னேன்ல, அதுல பழைய கோடும் மங்கிருச்சு. திரும்பப் போடணும். எங்க போடட்டும்?"

சாமி அவள் சேலையைக் காட்டினார். இடுப்புக்குக் கீழே, தண்ணீர் நின்ற அளவுக்கு, துணியில் ஓர் ஈரக்கோடு விழுந்திருந்தது.

"இன்னிக்குப் போட்டாச்சே அக்கா."

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்த ஈரம் நூல் நூலாகக் காய்ந்த துணிக்குள் மேலே ஏறிக்கொண்டிருந்தது.